காரில் கச்சேரி

மோட்டார் காரில் ஸங்கீதம் கேட்பது புதிய வழக்கமன்று. அமெரிக்காவில் 1930-ஆம் வருஷத்திலேயே கால்வின் கம்பெனியார் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கிவிட்டனர். நம் இளைஞர்களுக்கோ ரேடியோ மட்டும் போதவில்லை. டிக்கியில் அண்டா அளவுக்கு ஓர் ஒலிபெருக்கியும், அதை முழங்கச் செய்ய ஓர் ஆம்ப்ளிஃபயரும் வேண்டும் என்கிறார்கள். நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நள்ளிரவில், கல்யாண வீட்டு வாசலில், குழந்தை குட்டிகளுடன் ஏறி அமர்ந்த பிறகு வண்டி 'டிக், டிக்' என்று முனகிவிட்டு நின்றுபோனால் அப்போது எந்த ராகம் பாடுவது?

கடையில் இதற்கு ஒரே மருந்துதான் சொல்கிறார்கள்: "பெரிய பாட்டரியாகப் போடுங்கள்." பாட்டரி என்பது தொட்டி, எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டரே கிணறு. கிணற்றில் ஊறுவதற்கு மேல் இறைத்தால் எவ்வளவு பெரிய தொட்டியும் வற்றித்தான் போகும். ஆகையால் முதலில் கணக்குப் பார்ப்பது சிலாக்கியம்.

அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் '1000 வாட்' என்பதை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது பெரும்பாலும் கணநேர உச்சம். இடைவிடாமல் தரும் வாட் எத்தனை என்று கேட்க வேண்டும். அது 400 என்று வைத்துக்கொள்வோம். நல்ல 'டி' வகை ஆம்ப்ளிஃபயரிலும் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். எனவே பாட்டரியிடமிருந்து 500 வாட், அதாவது சுமார் 40 ஆம்பியர், இழுக்கும். பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு. சராசரி மூன்றில் ஒரு பங்கு என்றாலும் 13 ஆம்பியர். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டால், சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றேகால் மணி நேரத்தில் பாதி காலி!

வண்டியைக் கிளப்புவதற்கென்று செய்த பாட்டரியில் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதே அதன் தொழில். அடிக்கடி ஆழமாக வற்றவிட்டால் தகடுகள் கெட்டு, சீக்கிரமே உயிரை விடும். பாட்டுக்கு ஏற்றது 'ஏ.ஜி.எம்.' வகை. இதில் திராவகம் கண்ணாடி இழை மெத்தையில் ஊறியிருக்கும், சிந்தாது. ஒவ்வொரு தாள அடிக்கும் முகப்பு விளக்கு மங்கி எரிகிறதே, அந்தத் தொல்லையும் இதில் குறைவு. விலை அதிகந்தான்.

டிக்கியில் இரண்டாவது பாட்டரி வைப்போர் திறந்த திராவக பாட்டரியை அங்கே வைக்கலாகாது. சார்ஜ் ஏறுகையில் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். இரண்டு பாட்டரிகளுக்கும் நடுவே ஐசொலேட்டர் இருந்தால், பாட்டு எவ்வளவு குடித்தாலும் முன்பாட்டரி தப்பும். கம்பியில் இரண்டு முனைகளிலும், பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள், ஃப்யூஸ் அவசியம். இதில் சிக்கனம் பார்ப்பது தீயோடு விளையாடுவதாகும். லிதியம் பாட்டரி எடை குறைவு. எனினும் அதைப் பழைய ஈய பாட்டரியோடு நேரே இணைக்கக் கூடாது.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். வோல்ட்மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். நிறைந்த ஈய பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.4-க்கும் கீழே இருந்தால் வேறொன்று கேளுங்கள். வண்டி ஓடும்போது மட்டும், மிதமாகப் பாட்டுக் கேட்கும் குடும்பத்துக்கோ இரண்டாவது பாட்டரியே வேண்டியதில்லை.