ஆறுதல் என்னும் சொல்லும் வேலூர் மருத்துவர் மேரி வர்கீசும்

கொதித்த பால் ஆறுகிறது. மூண்ட சினம் ஆறுகிறது. கத்தி பட்ட புண் ஆறுகிறது. மகனை இழந்த தாயின் மனமும் நாளடைவில் ஆறுகிறது. வெம்மை தணிதல், சீற்றம் அடங்குதல், சதை கூடுதல், துயரம் தேறுதல் ஆகிய நான்கையும் ஒரே வினைச்சொல்லால் வழங்கிய தமிழர், உடற்புண்ணையும் மனப்புண்ணையும் வெவ்வேறாகக் கருதவில்லை போலும். ஈண்டு எண்ணத்தக்கது ஒன்று உண்டு. ஆறிய புண், புண்ணே படாத இடமாகிவிடுவதில்லை, தழும்பு நிற்கிறது. பழைய தோல் மீளவில்லை. ஆயினும் புண் ஆறிற்று என்றே சொல்கிறோம்.

கிறித்தவத் தமிழில் இதற்கு வழங்கிய சொல் வேறு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இயேசுபிரான் நோயாளிகளைச் ‘சொஸ்தமாக்கினார்’ என்று வரும். இது ‘ஸ்வஸ்த’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ‘ஸ்வ’ என்பது தான். ‘ஸ்த’ என்பது நிற்றல். தன் நிலையில் தான் நிற்பதே சொஸ்தம். திமிர்வாதக்காரன் எழுந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு வீடு சென்ற வரலாற்றைப் படிக்கும் ஞாயிறு பள்ளிச் சிறுவன், சொஸ்தம் என்றால் கால் நிமிர்ந்து நடப்பதே என்று பொருள் கொள்வான். அவனைக் குறை கூற இயலாது. ஆனால் அதே வேதாகமத்தில் பவுலடியார் தம் உடலில் தைத்த முள் நீங்க வேண்டுமென மும்முறை மன்றாடினார், முள் நீங்கவில்லை. எழுந்து நடந்தவனின் வரலாறு மேடைதோறும் முழங்குகிறது. முள் நீங்காதவரின் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. நெடுநோயில் கிடப்போருக்குப் பெரும்பாலும் வாய்ப்பதோ இரண்டாவதுதான்.

அவ்விரண்டாம் நிலையில் விசுவாசம் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிய, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீசின் வாழ்வைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவ நிலையம் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைப் பெற்றுப் பின்னர்ப் பெருங்கல்லூரியாக வளர்ந்தது. கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி அங்கே பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்திலே சிறக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1954-இல், உடன் பணிபுரிந்தோருடன் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். முதுகுத் தண்டிலும் காயம். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போயின.

முதுகுத் தண்டு அறுபட்டால் என்ன நேர்கிறது என்பதை இங்கே சற்று விரித்துக் கூறுதல் தகும். கால் நடக்காமற்போவது வெளியே தெரியும் இழப்பு மட்டுமே. உணர்வற்ற உடல், ஒரே பக்கமாய்க் கிடப்பதால் வரும் நோவை அறியாது. நலமுடையவன் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறான். இவரால் அது இயலாது. எலும்பு அழுந்தும் இடத்தில் குருதி ஓட்டம் நின்று, சதை அழுகிப் படுக்கைப்புண் தோன்றும். சிறுநீர்ப்பை தன் தொழில் மறந்து, அங்கே கிருமி பெருகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலகப் போரில் இவ்வகைக் காயமுற்ற வீரருள் பெரும்பாலோர் மாண்டது தண்டு அறுந்ததால் அன்று, இவ்விரண்டினால்தான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர், இரவு பகல் பாராது இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைக் கண்டிப்பாக நடத்திய பின்னரே இந்நிலை மாறலாயிற்று. புரட்டிப் படுக்க வைத்தல்! எத்துணை எளிய செயல்! ஆயினும் உயிர் அதில் தங்கியிருந்தது.

மேரி வர்கீசும் முதலில் நடக்கவே வேண்டினார். அதில் வியப்பில்லை. இத்தகைய நேரத்தில் நோயாளியைச் சுற்றி இருவகையினர் கூடுவதுண்டு. “விசுவாசம் இருந்தால் எழுந்திருப்பாய்” என்பவர் ஒருவகையினர். “எல்லாம் நன்மைக்கே, சிரித்த முகமாய் இரு” என்பவர் மற்றொரு வகையினர். இருவரும் நல்லெண்ணத்தோடு பேசுபவரே. ஆனால் முன்னவர் சொல், எழ முடியாதவரிடம் ‘உன் விசுவாசம் போதாது’ என்று குற்றம் சாட்டுவதாகிவிடுகிறது. பின்னவர் சொல் அழவேண்டியவரை அழவிடாது தடுக்கிறது. சங்கீதங்களில் பல முறையீடும் புலம்பலுமாய் இருப்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் உடன் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

மேரிக்கு வழி பிறந்தது அறிவுரையால் அன்று, ஒரு வேலையால். பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வேலூரில் இருந்தார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூருக்கு வந்து, 1948 முதல் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்யத் தொடங்கியவர். கையறுவை அமர்ந்தவாறே செய்யப்படும் தொழில். நோயாளியின் கை சிறு மேசைமீது கிடக்க, மருத்துவர் எதிரே அமர்வார். கால் இல்லாவிடினும் கை உண்டல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதைச் செய்யலாமே என்று அவர் மேரிக்கு எடுத்துக் காட்டினார்.

அந்த அறுவையின் இயல்பை அறிந்தால் இதன் அருமை விளங்கும். தொழுநோய் முழங்கையருகே தோலை ஒட்டி ஓடும் நரம்பைத் தாக்குகையில், உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடும். முன்கையிலுள்ள தசைகளுள் பெரும்பாலானவையோ வேறு நரம்புகளால் இயங்குவதால் கெடுவதில்லை. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றுள் ஒன்றின் நாணை விடுவித்து, வேறோரிடத்து நாணோடு இணைத்து நீட்டி, நான்காய்ப் பிரித்து நான்கு விரல்களிலும் சேர்ப்பது பிராண்ட் கையாண்ட முறைகளுள் ஒன்று. காயம் ஆறியவுடன் விரல் நிமிர்ந்துவிடாது. இதுகாறும் மணிக்கட்டை அசைத்த தசை, இனி விரலை அசைக்கக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி தேவை. இழந்த தசை உயிர்பெறவில்லை; இருக்கும் தசை ஒன்று புதிய தொழில் பயின்றது. நடக்கவியலாத ஒருவர் தம் கைகளால் இதைப் பிறருக்குச் செய்துகொண்டிருந்தார்.

மற்றொரு பொருத்தமும் உண்டு. தொழுநோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். உணர்வற்ற விரலில் சுடுகலம் பட்டும், முள் தைத்தும், இரவில் எலி கடித்தும் நோயாளி அறியாததாலேயே விரல்கள் தேய்ந்து போகின்றன என்பதைப் பிராண்ட் கண்டறிந்தார். எலியை அடக்கப் பூனை கொடுக்கப்பட்டதும் இவ்வரலாற்றில் சேர்ந்ததே. நோவு தெரியாதவனுக்குக் கண்ணே காவல். நாள்தோறும் கையையும் காலையும் பார்த்துத் தடவிச் சோதிக்க வேண்டும். இந்த ஒழுங்கு மேரிக்கும் வேண்டியதாயிற்று. அவர் கால்களும் நோவறியாதவை. 1930-இல் அமைந்த சுங்கை பூலோ தொழுநோய் இல்லத்தின் வரலாறு அறிந்த மலேசிய வாசகர், இவ்வொழுங்கின் இன்றியமையாமையை எளிதில் உணர்வர்.

பின்னர் மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடுத்தல், குளித்தல் முதலியவற்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய அங்கே கற்றார். மருத்துவராயிருந்தவர் மாணவராய், அதுவும் நோயாளியாய் அமர்ந்து கற்றார் என்பது எளிதாகச் சொல்லிவிடக் கூடியதன்று. அதன்பின் நியூயார்க்கில் ஹவர்ட் ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் அத்துறையைப் பயின்று வேலூர் திரும்பி, 1963-இல் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். அவர் வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. ‘என் கைகளை ஏற்றுக்கொள்ளும்’ என்பது அதன் பெயரின் பொருள். கால் கேட்டு மன்றாடியவர் கையைக் காணிக்கை வைத்தார் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

இதைத் துன்பத்தை வாழ்த்தும் போக்காகக் கொள்ளலாகாது. அவருக்கு நேர்ந்தது இழப்பு. இழப்பு நன்மை ஆகாது. திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்றுதான் அதிகாரத்திற்குப் பெயரிட்டார்; இடுக்கண் இன்மை என்று கூறவில்லை. வள்ளுவர் அங்கே உள்ளத்தின் உரத்தை நாடுகிறார்; கிறித்தவர் தம்மோடு உடன் துன்புறும் கடவுளை நாடுகிறார். இரண்டும் ஒன்றே என்று கூறுதல் இருதிறத்தார்க்கும் நேர்மை ஆகாது. எனினும் மறுநாட் காலையில் இருதிறத்தாரும் செய்யவேண்டியது ஒன்றாகவே அமைகிறது: எழுதல், உடம்பைச் சோதித்தல், செய்யக்கூடியதைச் செய்தல். மனத்திண்மை என்று நாம் வழங்குவது, அருகில் சென்று பார்த்தால், பெரிதும் இத்தகைய சிறு ஒழுங்குகளால் ஆனதே.

வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் அமைந்தது. மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நாற்காலியை உருட்டக் கற்றால் மட்டும் போதாது. சிற்றூர் வீட்டின் வாயிற்படி உயரம்; கதவு குறுகியது; அடுப்போ தரையில்; கிணறும் ஒதுக்கிடமும் தொலைவில். மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் திரும்பிச் செல்ல வேண்டியது அவ்வீட்டுக்கே. ஆகவே இத்துறையில் நடைப்பயிற்சிக்கு ஈடாகத் தொழிற்பயிற்சியும், வீட்டாருக்கான பயிற்சியும் இடம்பெறுகின்றன. இந்திய அரசு 1972-இல் மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் மறைந்தார். 1954-க்குப் பிறகு அவர் ஒருநாளும் நடக்கவில்லை. புதிதாகத் தண்டு முறிந்து, கூரையைப் பார்த்துக் கிடந்த நோயாளியின் கட்டில் ஓரத்துக்குத் தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்த மருத்துவர் அவர்.