நீரடி ஒளிப்படவியல்

நீரடி ஒளிப்படவியல் என்பது நீர்ப்பரப்புக்குக் கீழே ஒளிப்படம் எடுக்கும் கலையும் நுட்பமும் ஆகும். நீர் ஒளியை உறிஞ்சுகிறது, முறிக்கிறது, சிதறடிக்கிறது. இம்மூன்றும் படத்தின் நிறம், அளவு, தெளிவு ஆகியவற்றை மாற்றுகின்றன.

உறிஞ்சல்

நெடிய அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளியை நீர் விரைவாக உறிஞ்சுகிறது. தெளிந்த கடல்நீரிலும் முதற்சில மீட்டர்களிலேயே சிவப்பு மங்கிவிடும். அடுத்துச் செம்மஞ்சளும் மஞ்சளும் மறையும். நீல ஒளியே மிகுந்த ஆழம் வரை செல்லும். ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் குருதி பச்சை கலந்த கருநிறமாகத் தோன்றுவது இதனாலேயே ஆகும்.

ஆழம் மட்டுமன்றி, ஒளி நீரில் கடக்கும் மொத்தத் தொலைவும் கருதத்தக்கது. 2 மீட்டர் தொலைவிலுள்ள மீனுக்குச் சென்று திரும்பும் ஃபிளாஷ் ஒளி 4 மீட்டர் நீரைக் கடக்கிறது. எனவே செயற்கை ஒளி அண்மைப் பொருள்களின் நிறத்தையே மீட்டுத் தரும்.

ஒளிமுறிவு

நீரின் முறிவெண் ஏறத்தாழ 1.33 ஆகும். தட்டைக் கண்ணாடி வழியே நோக்கினால், பொருள் உண்மைத் தொலைவின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். வில்லையின் பார்வைக்கோணமும் குறுகும். அகன்ற கோணப் படங்களுக்குக் குவிமாட வடிவக் கண்ணாடி பயன்படுத்தப்படுகிறது.

சிதறல்

நீரில் மிதக்கும் துகள்கள் ஃபிளாஷ் ஒளியை எதிரொளித்துப் படத்தில் வெண்புள்ளிகளாகப் பதிகின்றன. இது பின்சிதறல் எனப்படும். இதனைக் குறைக்க, விளக்குகள் நீண்ட கைகளில் பொருத்தப்பட்டு ஒளிப்படக்கருவியின் இருபுறமும் விலக்கி வைக்கப்படுகின்றன.

வரலாறு

1893 இல் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான், பன்யூல்ஸ் கடற்கரையில் நீரடிப் படங்களை எடுத்தார். 1926 இல் வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் ஆகியோர் புளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் பகுதியில், மக்னீசியத் தூளை எரித்துப் பெற்ற ஒளியில் முதல் நீரடி வண்ணப்படங்களை எடுத்தனர்.