இசைத்தட்டின் மறுபக்கம்

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. முக்கியமான பாடல் முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய ஒரு பின்பக்கத்தால் உலகப் புகழ் பெற்றவர் ஆப்பிரிக்காவின் சாக்சபோன் மேதை மனு டிபாங்கோ.

இவர் 1933 டிசம்பர் 12 அன்று கேமரூன் நாட்டின் டுவாலா நகரில் பிறந்தார். ஆலயப் பாடல்களே இவர் முதலில் கற்ற இசை. 1949-ல் பெற்றோர் இவரைப் படிப்பதற்காகக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினர். அப்போது இவருக்கு வயது 15, நம் வயதுதான்! தங்கப்போகும் வீட்டாருக்குக் கட்டணமாக 3 கிலோ காப்பிக்கொட்டை கொண்டு சென்றார். போர் முடிந்திருந்த அக்காலத்தில் அங்கே காப்பி கிடைப்பது அரிது. பின்னாளில் தம் சுயசரிதைக்கு 'மூன்று கிலோ காப்பி' என்றே பெயரிட்டார்.

பிரான்சில் பியானோவும் சாக்சபோனும் பயின்றார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த ஜாஸ் இசை இவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. ஜாஸ் கலைஞர், நம் வித்துவான்களின் மனோதர்மத்தைப் போல, மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பார். இசையில் மூழ்கிய டிபாங்கோ பள்ளி இறுதித் தேர்வில் தோற்றார். தந்தை பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். எனினும் இவர் மனம் தளரவில்லை. பெல்ஜியத்துக்குச் சென்று, இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தார். 1960-களின் தொடக்கத்தில் காங்கோவின் புகழ்பெற்ற 'ஆப்பிரிக்கன் ஜாஸ்' குழுவுடன் சேர்ந்து வாசித்தார்.

1972-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைப் போட்டிகள் கேமரூனில் நடைபெற்றன. அதற்கென இவர் அமைத்த பாடல் இசைத்தட்டின் முன்பக்கத்தில் இடம் பெற்றது. பின்பக்கத்தில் இருந்தது 'சோல் மக்கோசா'. மக்கோசா என்பது டுவாலாவின் நடன இசை. நியூயார்க் நடன அரங்குகளில் அந்தப் பின்பக்கமே அனைவரையும் ஆட வைத்தது! 1973-ல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 35-ஆம் இடத்தை எட்டியது. 1982-ல் மைக்கேல் ஜாக்சன் அதன் பல்லவியை அனுமதியின்றித் தம் பாடலில் எடுத்தாண்டார். டிபாங்கோ அஞ்சாமல் வழக்குத் தொடுத்தார். இறுதியில் இருவரும் உடன்பாட்டுக்கு வந்தனர்.

எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது, 1980-களின் நடுவில், ஆப்பிரிக்கக் கலைஞர்களை ஒன்றுகூட்டி நிவாரணத்துக்காக இசைத்தட்டு வெளியிட்டார். 2004-ல் யுனெஸ்கோ இவரை அமைதிக்கான கலைஞராக நியமித்தது. 2020 மார்ச் 24 அன்று, தம் 86-ஆம் வயதில், கொரோனா நோயால் பிரான்சில் காலமானார்.

தோழியரே, பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நமக்கு இவர் வாழ்வு தைரியம் ஊட்டுகிறது. நன்கு படிப்போம். ஆனால், மதிப்பெண் குறைந்த தோழியை ஏளனமாக நோக்காதிருப்போம். அவளுடைய மறுபக்கத்தை நாம் இன்னும் கேட்கவில்லையே!