பெல்லட் டன் 350 டாலர்: வாங்கலாமா? கணக்கும் கராஜும்

வீட்டைச் சூடாக்குற செலவு பத்தின வீடியோவில் பெல்லட் ஸ்டவ்வைப் பத்தி ஒரு வரிதான் சொல்லியிருந்தேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், மெய்ன் பக்கம் வீடு வாங்கியிருக்கிற நம்ம ஆட்கள் பலர் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. "டன் 350 டாலர் சொல்றாங்க, வாங்கலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

ஊரில் இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மரத்தூளை அழுத்தி, பென்சில் தடிமனுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்வதுதான் பெல்லட். ஸ்டவ்வின் மேலே உள்ள தொட்டியில் கொட்டிவிட்டால், மோட்டாரில் சுற்றும் ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். கரண்ட் போனால் ஸ்டவ்வும் நின்றுவிடும், அதை மறக்க வேண்டாம்.

முதல்ல டன் என்றால் என்னன்னு பார்த்துடுவோம். நமக்கு டன் என்றால் 1000 கிலோ. அமெரிக்க டன் 2000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோதான். 40 பவுண்டு மூட்டைகள் 50 சேர்ந்தால் ஒரு டன். ஐரோப்பாவில் இருக்கிற சொந்தக்காரங்க சொல்ற விலையோடு ஒப்பிடுறவங்க இதைச் சரிபண்ணிட்டு ஒப்பிடுங்க.

அடுத்தது, நாம காசு கொடுப்பது வீட்டுக்குள் வந்து சேரும் சூட்டுக்கு. ஒரு டன் பெல்லட்டில் சுமார் 1.64 கோடி பி.டி.யூ. வெப்பம் இருக்கு. ஸ்டவ் 80 சதவீதம் திறனில் எரிஞ்சா கைக்கு வருவது சுமார் 1.31 கோடி. ஹீட்டிங் ஆயில் ஒரு கேலனில் 1,38,500 பி.டி.யூ.; பாய்லர் 85 சதவீதம் என்றால், அதே சூட்டுக்கு 111 கேலன் வேணும். ஆக, டெலிவரி சேர்த்து டன் 350 டாலர் என்றால், 350-ஐ 111-ஆல் வகுங்க: 3.15 டாலர். உங்க ஊரில் ஆயில் கேலன் 3.15-க்கு மேலே போனால்தான் பெல்லட்டில் மிச்சம். புரோப்பேனுக்கு இதே கணக்கு (90 சதவீதத் திறனில்) கேலனுக்கு 2.20 டாலர். சாதாரண எலெக்ட்ரிக் ஹீட்டருக்கு யூனிட் 9 சென்ட். நியூ இங்கிலாந்தில் கரண்ட் கட்டணம் அதைவிட எவ்வளவோ அதிகம், அதனால் அங்கே பெல்லட்தான் ஜெயிக்கும். ஆனால் ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டில் இரண்டரை மடங்கு சூடு கொடுத்தால், யூனிட் 23 சென்ட் வரைக்கும் அது பெல்லட்டுக்குச் சமமா நிக்கும். தெருவில் இயற்கை எரிவாயு லைன் இருக்கா? அப்போ என் கருத்து, பணத்துக்காக பெல்லட் பக்கம் போகாதீங்க. நெருப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார பிடிக்கும் என்றால் அது வேற விஷயம்.

எந்த பெல்லட் என்பதில் ஹார்ட்வுட்டா சாஃப்ட்வுட்டா என்று பெரிய சண்டையே நடக்குது. விறகு வாங்கும்போது அந்தச் சண்டைக்கு அர்த்தம் உண்டு, ஏன்னா விறகை அளவு வச்சு விற்கிறாங்க. கனமான மரத்தில் அதே அளவுக்கு அதிக எடை கிடைக்கும். பெல்லட்டை எடை போட்டு விற்கிறாங்க. பவுண்டுக்குப் பவுண்டு பார்த்தால் பிசின் உள்ள சாஃப்ட்வுட் கொஞ்சம் அதிகமாகவே சூடு கொடுக்கும். அதனால் மரத்தின் பெயரை விட்டுட்டு மூட்டையின் பின்பக்கத்தைப் படிங்க. பி.எஃப்.ஐ. தர முத்திரையில் 'பிரீமியம்' என்றால் சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள், தூள் 0.5 சதவீதத்துக்குள் இருக்கணும். 'ஸ்டாண்டர்ட்' தரத்தில் சாம்பல் 2 சதவீதம் வரைக்கும் போகலாம். டன்னுக்கு 20 பவுண்டுக்கும் 40 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம் அது, சுத்தம் பண்றது நீங்கதான்! குதிரைக் கொட்டிலில் பரப்பும் பெல்லட் மலிவா கிடைக்குதுன்னு அதை வாங்கிப் போடாதீங்க. அது எரிக்கிற தரத்துக்குச் செய்தது இல்லை, ஸ்டவ் வாரண்டியும் போகலாம். புது பிராண்டா இருந்தால் நாலு மூட்டை வாங்கி எரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் டன் கணக்கில் ஆர்டர் போடுங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கோடையிலேயே வாங்கினா டன்னுக்கு 20 டாலர் தள்ளுபடின்னு கடைக்காரர் சொல்றாருன்னு வச்சுக்கோங்க. மூணு டன், 330 வீதம் 990 டாலர். மிச்சம் 60. மே மாசம் பணம் கட்டி, சராசரியா எட்டு மாசம் கழிச்சு எரிக்கிறோம். அந்த 990 சேமிப்புக் கணக்கில் 4 சதவீதத்தில் இருந்திருந்தா 26 டாலர் வட்டி வந்திருக்கும் (அதுக்கு வரி உண்டு, இப்போதைக்கு விட்டுடுவோம்). ஆக உண்மையான லாபம் 34 டாலர். கிரெடிட் கார்டில் 24 சதவீதத்தில் தேய்ச்சு பாக்கி வச்சீங்கன்னா வட்டி மட்டும் 158 டாலர். அப்படி வாங்குறதுக்கு டிசம்பரிலேயே முழு விலைக்கு வாங்கலாம்.

அந்த 34 டாலர் லாபம் எவ்வளவு மெலிசு பாருங்க. மூட்டை ஒண்ணு 6.60 டாலர். 150 மூட்டையில் அஞ்சு நனைஞ்சா போதும், 33 டாலர் போச்சு. நனைஞ்ச பெல்லட் ஊதி, உதிர்ந்து, மறுபடியும் மரத்தூளாகிடும். காய வச்சாலும் பழையபடி வராது; தெரியாம ஸ்டவ்வில் போட்டால் திருகில் அடைச்சுக்கும், மெக்கானிக் வந்து போற செலவு தனி. பிளாஸ்டிக் மூட்டைதானே, தண்ணி எப்படிப் போகும்னு கேட்பீங்க. அடுக்கும்போது காற்று வெளியேறுறதுக்காக அதில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். மழைக்கு அதுவே போதும்.

அதனால் இடம் இருந்தால்தான் மொத்தமா வாங்கணும். கராஜ் நல்லது, ஆனால் சிமென்ட் தரையில் நேரா அடுக்கக் கூடாது. தரையிலிருந்து ஈரம் ஏறும். லாரியில் வரும் மரத்தட்டு மேலேயே வையுங்க, சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி. குளிரில் உறைஞ்சா பெல்லட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஈரம்தான் எதிரி. வெளியே வைச்சே ஆகணும்னா மேலே தார்ப்பாய் போட்டு, பக்கவாட்டில் காற்றுக்கு வழி விடுங்க. முழுக்க இறுக்கி மூடினா உள்ளேயே வேர்த்து நனையும். ஒரு டன் எடை மரப்பலகை டெக் மேலே வேண்டாம். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் மூணு அடிக்குள் மூட்டை எதுவும் வேண்டாம். கணக்கு படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச 'முதலில் வந்தது முதலில் போகணும்' விதி இங்கேயும் உண்டு: போன வருஷ மூட்டையை முன்னாடி இழுத்து வச்சு அதை முதல்ல எரிங்க.

மூட்டை கட்டாம மொத்தமா கொட்டி மூடின அறையில் வைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெல்லட்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியாகும். அப்படி நிரப்பின கிடங்குக்குள் போனவங்க ஐரோப்பாவில் இறந்திருக்காங்க. காற்றோட்டம் இல்லாம உள்ளே தலையை விடாதீங்க. மூட்டையா வாங்கினாலும், ஸ்டவ் இருக்கிற வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேணும்.

முன்பணம் கட்டினா அன்னைக்கே டெலிவரி எடுத்துடுங்க. "அக்டோபரில் அனுப்புறோம், இப்போ பணம் மட்டும் கட்டுங்க" என்றால், நடுவில் அந்தக் கடை மூடினா நீங்க வரிசையில் நிக்கிற கடன்காரர். டெலிவரி சார்ஜ் விலையில் சேர்ந்திருக்கா, வாசலோடு இறக்கிட்டுப் போயிடுவாங்களா என்பதையும் முன்னாடியே கேளுங்க. 50 மூட்டையைத் தூக்குறது உங்க முதுகு.

கடைசியா வரி. ஸ்டவ் வாங்கி நிறுவினதுக்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2000 டாலர் என்று இருந்த ஃபெடரல் சலுகை, 2025 டிசம்பர் 31-க்குள் நிறுவினவங்களோடு முடிஞ்சது. அதற்குள் முடிச்சவங்க 2025 ரிட்டர்னில் 5695 படிவத்தில் காட்டலாம். ஸ்டவ் குறைந்தது 75 சதவீதத் திறன் உள்ளதா இருந்திருக்கணும், அந்தச் சான்றையும் பில்லையும் பத்திரமா வையுங்க. பெல்லட் வாங்கின பில்லை அதோடு சேர்க்காதீங்க, எரிபொருளுக்கு அந்தச் சலுகை எப்போதும் இருந்ததில்லை.