காரின் சக்கரத் தாங்கி ஏன் பழுதாகிறது?

சிறிய கார் ஒன்று சாலையில் ஓடும்போது, சில சமயம் அதன் அடியிலிருந்து 'ஊம்' என்ற ஓசை எழுவதுண்டு. வேகம் கூடினால் ஓசையும் கூடும். வேகம் குறைந்தால் அதுவும் அடங்கும். இதனை டயரின் இரைச்சல் என்று கருதிப் பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் இது சக்கரத்தினுள் இருக்கும் தாங்கி விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். பட்டறைகளில் இதனைப் பேரிங் என்பர். உள்ளங்கையில் அடங்கும் இவ்வுறுப்பு எவ்வாறு பழுதாகிறது? புதிதாக மாற்றிய பேரிங்கும் சில மாதங்களிலேயே கெட்டுவிடுவது ஏன்? இவற்றை இங்குக் காண்போம்.

பேரிங்கின் அமைப்பு

சைக்கிள் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதனுள் பால்ரஸ் குண்டுகளைக் கண்டிருப்பார்கள். காரிலும் தத்துவம் அதுவே. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள். அவற்றின் இடையே உருளும் குண்டுகள். குண்டுகள் ஒன்றையொன்று உரசாதபடி ஒரு கூண்டு அவற்றைப் பிரித்து வைக்கிறது. உள்ளே கிரீஸ் இடப்பட்டு, இருபுறமும் சீல் வைத்து மூடப்பட்டிருக்கும். ஒரு பொருளைத் தரையில் இழுப்பதைவிட உருட்டுவது எளிதன்றோ? வண்டி அச்சில் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் 1794-இல் காப்புரிமை பெற்றார்.

சக்கரப் பேரிங் எடையை மட்டும் தாங்கினால் போதாது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசையையும் அது தாங்க வேண்டும். இதற்காகக் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்கை அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் உருவாக்கி 1898-இல் காப்புரிமை பெற்றார். முன் சக்கரங்களால் இழுக்கப்படும் இன்றைய சிறு கார்கள் பலவற்றில், இரு வரிசைக் குண்டுகளைச் சாய்வாகத் தாங்கவைத்து ஒரே உறுப்பாகச் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு வேலை!

ஆட்களுடன் சேர்த்துக் காரின் எடை 1,200 கிலோ என்று கொள்வோம். சராசரியாக ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ சுமை விழும். சக்கரத்தின் குறுக்களவு 55 சென்டிமீட்டராயின், ஒரு கிலோமீட்டர் செல்ல அது சுமார் 580 முறை சுழல வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 5.8 கோடிச் சுற்றுகள்!

குண்டு வளையத்தைத் தொடும் இடமோ மிகச் சிறியது. ஆகவே அங்கு அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன்னையும் எட்டக்கூடும். கம்பியை மேலும் கீழும் பன்முறை வளைத்தால் அது ஒடிகிறது அல்லவா? அதுபோலவே, குண்டுகள் மீண்டும் மீண்டும் அழுத்துவதால் எஃகும் களைப்படைகிறது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, எஃகில் கலந்துள்ள நுண்ணிய மாசு ஒன்றின் அருகில் வெடிப்புத் தோன்றும். அது வளர்ந்து மேலே வந்ததும் ஒரு செதில் பெயர்ந்து விழும். அந்தப் பள்ளத்தைக் குண்டுகள் கடக்கும்போதெல்லாம் எழும் அதிர்வே நமக்கு ஓசையாகக் கேட்கிறது.

சுவீடன் நாட்டு அறிஞர்களான லுண்ட்பெர்க், பாம்கிரென் ஆகியோர் 1947-இல் இக்களைப்புக்கு ஒரு கணக்கு வகுத்தனர். அதன்படி, குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் பாதியாகும். சுமை இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அகால மரணம்

களைப்பினால் வரும் முடிவு மெல்ல வருவது. அதற்கு முன்பே பேரிங்கைக் கெடுக்கும் காரணங்கள் சில உண்டு.

முதலாவது, அடி. சக்கரம் சாலைக் குழியிலோ நடைபாதை விளிம்பிலோ வேகமாக மோதினால், குண்டுகள் வளையத்தில் தழும்புகளைப் பதித்துவிடும். இரண்டாவது, நீர். தேங்கிய வெள்ளத்தில் வண்டியைச் செலுத்தும்போது, தேய்ந்த சீல் வழியே நீரும் மண்ணும் உட்புகும். கிரீஸ் கெட்டு, எஃகு துருப்பிடிக்கும்.

மூன்றாவது, பொருத்துவதில் நேரும் தவறு. பேரிங்கின் வெளிவளையத்தை அதன் இருப்பிடத்தில் அழுத்தும்போது வெளிவளையத்தின் மீதே விசை விழ வேண்டும். உள்வளையத்தை அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, ஓடத் தொடங்கும் முன்பே தழும்பு உண்டாகிவிடும். தேய்ந்துபோன ஹப்பில் புதுப் பேரிங்கைப் பொருத்தினாலும், நடு நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்காவிட்டாலும் அது நெடுநாள் உழைக்காது. மாற்றிய பேரிங் விரைவில் கெடும்போது பொருளைக் குறை கூறும் முன் இவற்றை ஆராய்வது நன்று.

ஓடாத வண்டியிலும் பேரிங் கெடுவதுண்டு என்றால் வியப்பாயிருக்கும். அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட புதுக் கார்களின் சக்கரப் பேரிங்குகளில் தழும்புகள் காணப்பட்டன. சக்கரம் சுழலாமல் ரயிலின் அதிர்வில் ஆடியதால், குண்டுகள் ஒரே இடத்தில் நுண்ணிதாக உரசி, கிரீஸை விலக்கி எஃகை அரித்திருந்தன. இதனைப் பற்றி ஆல்மன் என்ற பொறியாளர் 1937-இல் விளக்கி எழுதினார்.

கண்டறிவது எப்படி?

சாலையின் தளம் மாறும்போது ஓசையும் மாறினால் அது பெரும்பாலும் டயரின் ஓசை. எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி ஒலித்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கார் இடப்புறம் திரும்பும்போது சுமை வலச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது ஓசை மிகுந்தால் பழுது வலப்புறத்தில் இருக்கக்கூடும். பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி உறுதியாகத் தாங்கல் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தாலோ, சுழற்றும்போது கரகரப்பு இருந்தாலோ உடனே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓசையைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பள்ளங்கள் பெருகும். சூடேறிக் கிரீஸ் கருகும். சக்கரம் ஆடத் தொடங்கும். முடிவில் சக்கரம் இறுகி நிற்கவோ, கழன்று ஓடவோ கூடும். வேகமாகச் செல்லும் வண்டியில் அது உயிருக்கே ஆபத்தாகும். பேரிங் திடீரென்று கெடுவது அரிது. பெரும்பாலும் பல நாள் முன்னதாகவே அது குரல் கொடுக்கிறது. அக்குரலை அறிந்துகொள்வது வண்டியோட்டும் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாததாகும்.