டெல் முதலில் பதில் சொன்னது, பிறகுதான் எழுத வந்தது

2005 ஜூன் மாதம். நியூயார்க் பத்திரிகையாளர் ஜெஃப் ஜார்விஸ் வாங்கிய புது டெல் மடிக்கணினி மக்கர் செய்தது. வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் சேவைக்கும் சேர்த்துத்தான் அவர் பணம் கட்டியிருந்தார். ஆள் வந்தாலும் கையில் உதிரிபாகம் இருக்காது, கணினியை எங்களுக்கே அனுப்பிவிடுங்கள் என்றது கம்பெனி. பொறுமையிழந்த ஜார்விஸ், ‘டெல் நரகம்’ என்று தம் இணையப் பக்கத்தில் எழுதித் தள்ளினார். ‘எனக்கும் இதே கதிதான்’ என்று அதன் கீழே வாடிக்கையாளர்கள் திரண்டார்கள். விஷயம் பெரிய பத்திரிகைகள் வரை போனது.

டெல் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. படிக்கலாம், பதில் எழுதக் கூடாது என்பதுதான் அப்போது அங்கிருந்த நடைமுறை. குறை இருந்தால் வாடிக்கையாளர் போன் செய்யட்டுமே என்ற எண்ணம். போன் செய்து செய்து அலுத்துப்போனவர்தான் கடைசியில் ஊரறிய எழுதுகிறார் என்பது ஏனோ உறைக்கவில்லை.

2006 ஏப்ரலில் போக்கு மாறியது. இணையத்தில் யார் யார் டெல்லைத் திட்டுகிறார்கள் என்று தேடிப்பிடித்து, தொழில்நுட்பம் தெரிந்த ஊழியர்களே அவர்களைத் தொடர்புகொண்டார்கள். சமாதானம் சொல்லிவிட்டு நகரவில்லை; பழுதைச் சரிசெய்து கொடுத்தார்கள். புலம்பியவர்களில் பலர், பிரச்சினை தீர்ந்ததையும் தாங்களே எழுதினார்கள். எவ்வளவு கொட்டி விளம்பரம் செய்தாலும் கிடைக்காத நற்பெயர் அது.

டெல் தனக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்கியது அதற்குப் பிறகு, ஜூலையில்தான். ஆரம்பப் பதிவுகளில் விளம்பர வாடை தூக்கலாக இருந்ததால் ஜார்விஸ் உட்படப் பலர் கடிந்துகொண்டார்கள். நல்லவேளையாக, காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது. ஜப்பானின் ஒசாகாவில் ஒரு கூட்டத்தில் டெல் மடிக்கணினி தீப்பற்றி எரிந்த படங்கள் அந்த நேரத்தில் உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. பதிவின் பொறுப்பாளர் லயனல் மென்சாகா அதை மூடி மறைக்கவில்லை. கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே அதைப் பற்றி எழுதினார். ஆகஸ்டில் சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றபோது, விளக்கம் சொல்ல ஓர் இடமும் சொன்னால் கேட்க ஆட்களும் தயாராக இருந்தார்கள்.

இந்த வரிசைதான் முக்கியம். 2005-இல், திட்டு விழுந்துகொண்டிருந்தபோதே பதிவைத் தொடங்கியிருந்தால், அதன் கீழேயும் புகார்கள்தான் குவிந்திருக்கும். சொந்த மேடை போடுமுன் மூன்று மாதம் பிறர் பக்கங்களுக்குப் போய்ப் பதில் சொன்னதில், மக்கள் எதற்கு எரிச்சலடைகிறார்கள், எந்தத் தொனியில் பேசினால் நம்புகிறார்கள் என்பது கம்பெனிக்குப் பிடிபட்டது.

2007 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், யோசனைகளை வாடிக்கையாளர்களே சொல்லி வாக்களிக்கும் ‘ஐடியாஸ்டார்ம்’ தளத்தை டெல் திறந்தது. லினக்ஸ் போட்ட கணினி வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதில் ஆதரவு குவிந்தது. அடுத்த மே மாதமே, உபுண்டு லினக்ஸ் நிறுவிய கணினிகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன.