பொன்வண்டும் அதன் உறவினமும்

பொன்வண்டின் மேனி உலோகம்போல் ஒளிர்வது. எனினும், பளபளப்பை மட்டும் கொண்டு அதனை இனங்காணல் இயலாது. அதன் உறவினமான சொடுக்குவண்டும் நீண்டொடுங்கிய உடலுடையதே. மல்லாத்திவிட்டால் சொடுக்குவண்டு ‘டக்’ என்னும் ஒலியுடன் துள்ளியெழும். பொன்வண்டுக்கு அத்திறன் இல்லை.

மரத்துக்குப் பெருங்கேடு விளைப்பது பட்டைக்கடியில் வாழும் புழுவேயாம். வளர்ந்த வண்டு வெளியேறும் துளையும் ஓர் அடையாளம். நீள்கொம்பு வண்டுகள் பலவற்றின் துளை வட்டமானது. மரகதப் பொன்வண்டின் துளையோ அரைவட்டம் போன்றது. கிழக்காசியாவுக்குரிய இவ்வண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2002இல் இனங்காணப்படுமுன்னரே அங்கு பல ஆண்டுகள் பெருகியிருந்தது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அதனாற் பட்டுப்போயின.

துளை தோன்றும்போது வண்டு பறந்துபோயிருக்கும். ஆதலின், அயல் மரங்களையும் உடனே ஆராய்தல் வேண்டும்.